வளர்ச்சி ஊக்கி: வாங்குமுன் அறிய வேண்டியவை

மிளகாய்க் கன்று செழித்து நிற்கும், பூவும் நிறையப் பூக்கும். சில நாட்களில் பாதிப் பூ நிலத்தில் கிடக்கும். அவ்வேளை கடையில், "இதை அடியுங்கோ, காய் பிடிக்கும்" என்று ஒரு போத்தலைத் தருவார்கள். இடம்பெயர்ந்து வந்து, பிறர் காணியில் ஒரு போகம் செய்யும் குடும்பங்கள் கடன்பட்டும் அதை வாங்குகின்றன. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

இது பசளை அல்ல

தாவரங்கள் தம் வளர்ச்சியை ஒழுங்குபடுத்தும் ஓமோன்களைத் தாமே மிகச் சிறிதளவில் உண்டாக்குகின்றன. ஒட்சின் வேர் விடவும் பூ உதிராமல் நிற்கவும் உதவும். ஜிபரலின் தண்டை நீட்டும். சைற்றோகைனின் கலங்களைப் பெருக்கும். எதிலீன் காயைப் பழுக்கச் செய்யும். கடையில் விற்கும் ஊக்கிகள் பல இவற்றைப் போலச் செயற்படுபவை. இவை பயிருக்கு உணவாகா. எருவும் நீரும் இல்லாத பயிருக்கு ஊக்கி தெளிப்பது, பசித்த மாட்டைத் தார் கொண்டு ஓட்டுவது போன்றதே.

முதலில் காரணத்தைப் பாருங்கள்

கடும் வெப்பம், நீர்த் தட்டுப்பாடு, யூரியா மிகுதி ஆகியவற்றாலும் பூ உதிரும். இவற்றைச் சரிசெய்யச் செலவு குறைவு. பனிப்பூச்சியாலும் சிற்றுண்ணியாலும் வரும் இலைச்சுருளை எந்த ஊக்கியும் மாற்றாது.

அளவே முக்கியம்

மிளகாயில் பூ உதிர்வைக் குறைக்க நப்தலீன் அசற்றிக் அமிலம் பூக்கும் பருவத்தில் தெளிக்கப்படுகிறது. 4.5 சதவீதத் திரவமாயின் 4½ லீற்றர் நீருக்கு 1 மில்லி லீற்றர் போதும். கூட்டி அடித்தால் பயன் கூடாது, பயிர்தான் கெடும். களைநாசினியான 2,4-டீயும் ஒட்சின் வகையைச் சேர்ந்ததே என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அது அடித்த தெளிகருவியை மிளகாய்க்கும் தக்காளிக்கும் பயன்படுத்தவே வேண்டாம்.

வளவில் உள்ள ஊக்கி

முருங்கை இளம் இலையில் சைற்றோகைனின் உண்டு. சிறிது நீர் விட்டு இடித்துப் பிழிந்து வடியுங்கள். சாறு ஒரு பங்குக்கு நீர் 30 பங்கு சேர்த்து, அன்றே மாலையில் தெளியுங்கள். வைத்திருந்தால் பழுதாகிவிடும்.

எதையும் முதலில் இரண்டு வரிசைக்கு மட்டும் தெளித்து, பக்கத்து இரண்டு வரிசையைத் தெளிக்காமல் விடுங்கள். இரண்டிலும் பறித்த காயைத் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால், அடுத்த போத்தலுக்குக் கடன்பட வேண்டியதில்லை.