பசுவின் தீவனமும் புரத அளவும்

குளிர்காலத்தில் பஞ்சாப், அரியானா மாநிலங்களில் பயணம் செய்வோர், கோதுமை வயல்களுக்கு இடையே அடர்பச்சை நிறத்தில் ஒரு பயிரைக் காண்பர். அதன் பெயர் பர்சீம். கறவை மாடுகளுக்காகவே விளைவிக்கப்படும் பசுந்தீவனம் அது. அறுவடைக்குப்பின் எஞ்சும் கோதுமை வைக்கோலை அங்குள்ளோர் 'பூசா' என்பர். நாம் பிண்ணாக்கு என்பதை அவர்கள் 'கலீ' என்பர். மூன்றும் மாட்டுத் தீவனங்களே. ஆயினும், அவற்றிலுள்ள புரதம் ஒரே அளவினதன்று.

ஈரம் நீக்கிக் கணக்கிட்டால், 100 கிராம் பூசாவில் ஏறத்தாழ 3 கிராம் புரதமே உண்டு. பர்சீமில் 15 முதல் 20 கிராம் வரை உண்டு. கடலைப் பிண்ணாக்கிலோ 40 கிராமுக்கும் மேல் உண்டு.

குறைந்தால் என்ன ஆகும்?

நாளொன்றுக்கு 10 லிட்டர் பால் தரும் பசுவின் பாலில் மட்டும் 300 கிராமுக்கு மேற்பட்ட புரதம் வெளியேறுகிறது. அப்பசு 10 கிலோ பூசாவை மட்டுமே தின்றால், அதற்குக் கிடைக்கும் புரதம் ஏறத்தாழ 300 கிராம். அதிலும் ஒரு பகுதி செரிக்காமல் சாணத்துடன் கழிந்துவிடும். தசையைப் பேணவும் வயிற்றுக் கன்றை வளர்க்கவும் புரதம் வேண்டுமே! வரவைவிடச் செலவு மிகுவதால் பசு மெலியும், பாலும் குறையும்.

மிகுந்தால் என்ன ஆகும்?

அப்படியானால் பிண்ணாக்கை அள்ளி அள்ளி இடலாமா? கூடாது. அசைபோடும் விலங்கான பசுவின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை தீவனப் புரதத்தின் பெரும்பகுதியைச் சிதைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. பின்னர் அந்த அம்மோனியாவைக்கொண்டு தம் உடலை வளர்த்துக்கொள்கின்றன. அந்நுண்ணுயிர்கள் அடுத்த அறைகளுக்குச் சென்று செரிக்கும்போது, அவையே பசுவுக்குப் புரத உணவாகின்றன.

நுண்ணுயிர்கள் வளர ஆற்றலும் தேவை. மக்காச்சோளம் முதலிய தானியங்களின் மாவுச்சத்து அந்த ஆற்றலைத் தருகிறது. புரதம் மிகுந்து ஆற்றல் குறைந்தால், அம்மோனியா பயன்படாமல் தேங்கும். அது குருதியில் கலந்து கல்லீரலை அடையும். கல்லீரல் அதனை யூரியாவாக மாற்றும். அந்த யூரியாவின் பெரும்பகுதி சிறுநீரிலும், ஒரு பகுதி பாலிலும் வெளியேறும். இம்மாற்றத்திற்குப் பசு தன் ஆற்றலைச் செலவிட வேண்டும். சிறுநீரிலுள்ள யூரியா மீண்டும் அம்மோனியாவாகித் தொழுவத்தில் நெடி வீசும். விலை கொடுத்து வாங்கிய பிண்ணாக்கு இவ்வாறு வீணாகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது பசுவுக்கும் பொருந்தும்.

எவ்வளவு வேண்டும்?

தேவை காலத்திற்கேற்ப மாறும். கன்று ஈன்றபின் முதல் மூன்று மாதங்களில் பால் மிகுதியாகச் சுரக்கும். அப்போது உலர்நிலைத் தீவனத்தில் 16 முதல் 18 விழுக்காடு புரதம் வேண்டும். பால் குறையத் தொடங்கியபின் 14 முதல் 16 விழுக்காடு போதும். பால் வற்றிய சினைப்பசுவுக்கு ஏறத்தாழ 12 விழுக்காடு போதுமானது.

பால் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேற்பட்டது தீவனச் செலவேயாகும். இரண்டு மாடுகளை நம்பி வாழும் குடும்பத்திற்கு, வீணாகும் ஒவ்வொரு பிடிப் பிண்ணாக்கும் இழப்பே. இதனை உணர்ந்து, குஜராத்தின் ஆனந்த் நகரில் 1965ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேசியப் பால்வள வாரியம், சமநிலைத் தீவன முறையைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றது. 2012ஆம் ஆண்டு தொடங்கிய தேசியப் பால்வளத் திட்டத்தில் இம்முறை பரவலாயிற்று. பயிற்சி பெற்ற ஊரார் ஒருவர் வீடுதோறும் செல்வார். மாட்டின் மார்புச் சுற்றளவை அளந்து எடையை மதிப்பிடுவார். கறக்கும் பாலையும் கைவசமுள்ள தீவனங்களையும் குறித்துக்கொள்வார். குறைந்த செலவில் எதனை எவ்வளவு இடலாம் எனக் கணினி கணக்கிட்டுக் கூறும்.

கொடுப்பது மிகுதியா என்பதைவிட, தேவைக்கேற்றதா என்பதே முதன்மையானது.

அருஞ்சொற்பொருள்
குருதி – இரத்தம்
நெடி – காரமான நாற்றம்
விழுக்காடு – சதவீதம்

பயிற்சி
1. பூசாவை மட்டும் தின்னும் கறவைப்பசு மெலிவது ஏன்?
2. பயன்படாத அம்மோனியா என்னவாகிறது?
3. நீங்கள் வாழும் பகுதியில் வழங்கும் தீவனப் பெயர்களைக் கேட்டறிந்து, அவற்றுக்குரிய தமிழ்ச் சொற்களை எழுதுக.