சீகன்பால்கு காட்டிய பணிவு நெறி

பிற சமயத்தாரிடம் பணிவுடனும் அன்புடனும் பழகுதல் என்னும் கிறித்தவ நெறிக்குத் தரங்கம்பாடி தக்க சான்றாகும். 1706இல் அங்கு வந்த செருமானியச் சமயப்பணியாளர் சீகன்பால்கு, சிறுவருடன் அமர்ந்து மணலில் தமிழெழுத்துப் பயின்றார். தமிழர்தம் நம்பிக்கைகளைப் பற்றி அவர்களிடமே வினவி, அவர்கள் 1712 முதல் எழுதிய மடல்களைச் செருமானியத்தில் பெயர்த்தளித்தார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய நூலொன்றையும் எழுதி முடித்தார்.

ஆலே நகரத் தலைமையோ, புறச்சமயத்தை ஒழிப்பதே பணி, பரப்புவதன்று எனக் கருதி அந்நூலை அச்சிடவில்லை. 1867இல்தான் அது சென்னையில் வெளிவந்தது. சீகன்பால்கு தம் கொள்கையைக் கைவிட்டாரல்லர். உருவ வழிபாட்டை மறுத்தே எழுதினார். எனினும், மாற்றுச் சமயத்தாரை அவர்தம் சொற்களாலேயே அறிய முயன்றார்.

ஸ்கூடாய் போன்ற பல்சமய ஊர்களில் கற்பிக்கும் ஆசிரியர்க்கு, மறுக்கும் முன் கேட்கும் இப்பண்பு வழிகாட்டும் எனக் கருதுகிறோம்.