இருமுனை ஃபெரி: பட்டர்வொர்த் – ஜார்ஜ்டவுன்

மலேசியாவின் பினாங்கில், பாகான் டாலாமை அடுத்த பட்டர்வொர்த் துறைக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே 1894 முதல் ஃபெரி ஓடுகிறது. கடல் அகலம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர்தான். வெறும் போக்குவரத்துக் கலமாகத் தோன்றினாலும், பழைய ஈரடுக்கு ஃபெரியை ஓட்டுவது தேர்ந்த மாலுமிக்கு உரிய தொழிலாக இருந்தது. அந்தக் கலத்துக்கு முன்புறம், பின்புறம் என்று தனியாக இல்லை. வாகனங்கள் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கின, கலம் திரும்ப வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நடையிலும் குறுக்கே இழுக்கும் நீரோட்டத்தைக் கணித்து, சரக்குக் கப்பல்களுக்கு வழிவிட்டு, கனத்த கலத்தை மேடையோடு மெல்லப் பொருத்த வேண்டியிருந்தது. அந்தப் பொருத்தத்தில்தான் ஓட்டுநரின் பெருமிதம்.

ஒரே பாதையில் நாளெல்லாம் போய்வருவதில் என்ன சுவை என்று கேட்கலாம். பாதை ஒன்றே, காற்றும் ஓதமும் பாரமும் நடைக்கு நடை வேறு. 1985இல் இரு கரைகளையும் இணைக்கும் பாலம் திறந்தபின் ஃபெரி தேவையற்றதாகிவிட்டது என்ற வாதமும் முழுச் சரியன்று. நடந்துவருவோரும் மோட்டார்சைக்கிள்காரர்களும் அதை விடவில்லை. கார்களை ஏற்றுவது 2020 இறுதியோடு நின்றது. 2023 ஆகஸ்டு முதல் புதிய இரட்டையுடல் ஃபெரிகள் பயணிகளையும் மோட்டார்சைக்கிள்களையும் ஏற்றிச் செல்கின்றன.