கொலைப் பட்டியலுக்கு வெளியே

திருமணமாகிச் சில ஆண்டுகளே ஆனதால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை நடக்கிறது. இளம்பெண்களின் மரணச் செய்திகள் பலவும் இந்த வரியோடு முடிந்துபோகும். கொலைக் கணக்கைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது அந்தப் பெண்களைத்தான்.

உலகில் கொல்லப்படுகிறவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். கொன்றதாகச் சந்தேகிக்கப்படுகிறவர்களிலும் பத்தில் ஒன்பது பேர் ஆண்களே. முன்விரோதம், குடிபோதைத் தகராறு, கும்பல் மோதல் என்று ஆணை ஆண் கொல்வது பெரும்பாலும் வெளியிடத்தில் நடக்கிறது. பெண்ணுக்கு ஆபத்து வீட்டுக்குள். 2023இல் கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் சுமார் 85,000 பேர் என்பது ஐ.நா. மதிப்பீடு. அவர்களில் 51,100 பேரின் உயிரைப் பறித்தவர்கள் கணவன், காதலன் அல்லது குடும்பத்தார். நாளொன்றுக்கு 140 பேர்! கொல்லப்படும் ஆண்களில் இப்படிச் சாகிறவர்கள் எட்டில் ஒருவருக்கும் குறைவு.

இந்தியாவுக்கு வருவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி கொலை வழக்குகள் 28,522. கொல்லப்பட்டவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் ஆண்கள். இந்தப் பட்டியலோடு அறிக்கையை மூடிவிடக் கூடாது. வரதட்சணை மரணம் என்ற வேறொரு தலைப்பின் கீழ் 6,450 வழக்குகள் தனியாக இருக்கின்றன.

அந்தத் தலைப்பு பிறந்தது 1986இல், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304பி பிரிவாக. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 80ஆவது பிரிவு. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தீக்காயத்தாலோ இயற்கைக்கு மாறாகவோ இறந்து, அதற்குச் சற்று முன்பு வரதட்சணைக் கொடுமை நடந்ததும் நிறுவப்பட்டால், அந்தச் சாவுக்குக் கொடுமை செய்தவரே காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு. நான்கு சுவருக்குள் நடந்ததற்குச் சாட்சி ஏது? ஸ்டவ் வெடித்தது என்று புகுந்த வீடு சொல்லிவிட்டால், மறுத்துப் பேச வேண்டியவள் உயிரோடு இல்லை. அதனால்தான் இந்த அனுமானம் அவசியமாகிறது.

ஆனால் எரித்துக் கொல்லப்பட்டவளும் இதில் அடக்கம், தற்கொலைக்குத் தள்ளப்பட்டவளும் அடக்கம். எனவே 6,450ஐ அப்படியே கொலையோடு கூட்ட முடியாது. கொலையே இல்லை என்று ஒதுக்குவது அதைவிடப் பெரிய பிழை. கொலைக்கு ஆதாரம் இருந்தால் கொலைக் குற்றச்சாட்டையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும்.

ஏழு ஆண்டு என்ற கோடும் என்னை உறுத்துகிறது. எட்டாம் ஆண்டில், அதே வீட்டில், அதே கொடுமையால் ஒருத்தி இறந்தால் அது வரதட்சணை மரணம் என்ற தலைப்புக்குள்ளேயே வராது. ஆர்.டி.ஓ. விசாரணையும் கட்டாயமில்லை.