எல்லையோர ஊர்கள் – 7: அக்கரையில் ஆபீஸ்

மேற்கு வங்கத்தின் வடக்கே, கூச் பிஹார் மாவட்டத்தில் மெக்லிகஞ்ச் என்றொரு ஊர். 2011 கணக்கெடுப்பின்படி மொத்த ஜனத்தொகை பத்தாயிரத்தைத் தொடவில்லை. ஆனால் எஸ்.டி.ஓ. அலுவலகம், கோர்ட், நகராட்சி, அரசு ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கின்றன. எஸ்.டி.ஓ. என்றால் நம் சார் ஆட்சியர் மாதிரி. ஊருக்குப் பிழைப்பே மனுதான் என்று சொன்னால் மிகையில்லை.

வங்காளத்துக் கோர்ட் வாசல்களில் முதல் அதிகாரி முஹுரி, வக்கீலின் குமாஸ்தா. ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, தலைக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட். நிலப் பட்டாவில் அப்பா பெயர் ஒரு மாதிரி, வாக்காளர் அட்டையில் வேறு மாதிரி என்று உள்ளூர் ராஜ்பன்ஷிப் பேச்சில் ஒருவர் இழுத்து இழுத்துச் சொல்லி முடிப்பதற்குள், முஹுரி ஸ்டாம்ப் பேப்பரை எடுத்துவிடுவார். இருவரும் ஒரே ஆள்தான் என்று ஓர் அஃபிடவிட். இந்தப் பக்கத்தில் பாதி வாழ்க்கை அந்த ஒரு காகிதத்தில் நிற்கிறது.

மெக்லிகஞ்சின் விசேஷம் இதுவல்ல. அதன் ஆளுகைக்கு உட்பட்ட இரண்டு வட்டாரங்களில் ஒன்றான ஹல்திபாரி, தீஸ்தா ஆற்றின் மறுகரையில் இருக்கிறது. தக்காளிக்கும் மிளகாய்க்கும் பேர்போன ஊர். 2021 வரை நடுவில் பாலம் இருக்கவில்லை. வறண்ட காலத்தில் மணலில் நடந்து, படகேறி, இறங்கி, மறுபடி மணலில் நடக்க வேண்டியிருந்தது. ஆடி, ஆவணியில் தீஸ்தா புரண்டு வரும்போது அந்த வழியும் அடைபட்டது. அப்புறம் ஜல்பாய்குரி மாவட்டத்துக்குள் புகுந்து சுமார் 70 கிலோமீட்டர் சுற்றித்தான் ஹல்திபாரிக்காரர் தன் சொந்த எஸ்.டி.ஓ.வைப் பார்க்க முடிந்தது. ஹல்திபாரி போலீஸ் ஒருவரைக் கைது செய்தால் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதிக்கும் காவலருக்கும் அன்று இதே பயணம்தான்.

இப்படி ஒரு அமைப்பை யார் செய்தார்கள்? எந்த ஐ.ஏ.எஸ். அதிகாரியும் செய்யவில்லை. கூச் பிஹார் மகாராஜாவின் சமஸ்தானம் ஆற்றுக்கு மேற்கேயும் கொஞ்சம் நிலம் வைத்திருந்தது. 1949-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து, 1950 ஜனவரி 1-ல் மேற்கு வங்கத்தின் மாவட்டமானபோது, ராஜா காலத்து எல்லைகளை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். இந்திய–வங்கதேச எல்லைக்கோட்டுக்கு அப்பாலும் இப்பாலும் சிதறிக் கிடந்த துண்டு நிலங்களும் அந்தச் சொத்தோடு வந்தவைதான். 2015 ஜூலை 31 நள்ளிரவில் 111 துண்டுகள் வங்கதேசத்துக்கும் 51 துண்டுகள் இந்தியாவுக்கும் கைமாறும்வரை, அங்கே வாழ்ந்தவர்களுக்கு அஃபிடவிட் எழுதிக்கொடுக்கக்கூட ஆளில்லை. எல்லைக்கு அப்பாலிருந்து இந்தியாவுக்கு வந்த தொள்ளாயிரத்துச் சொச்சம் பேருக்கு முகாம் போட்ட மூன்று ஊர்களில் மெக்லிகஞ்சும் ஹல்திபாரியும் உண்டு. மூன்றாவது தின்ஹாட்டா.

கைமாறாமல் மிஞ்சியது தஹகிராம்–அங்கர்போத்தா. வங்கதேசத்தின் நிலம், சுற்றிலும் இந்தியா. அதைத் தாய்நாட்டோடு சேர்ப்பதுதான் மெக்லிகஞ்ச் பக்கத்துத் தீன் பிகா என்ற வழித்தடம்: 178 மீட்டர் நீளம், 85 மீட்டர் அகலம். 1992 ஜூன் 26-ல் பகல் வேளையில் மட்டும், அதுவும் மணிக்கணக்குப் பார்த்துத் திறந்தார்கள். 2011-ல்தான் 24 மணி நேரமும் ஆனது. தங்கள் கிராமங்கள் துண்டாகிவிடும் என்று பயந்த குச்லிபாரி மக்கள் இதை எதிர்த்துப் போராடி உயிரும் கொடுத்தார்கள். அந்தப் பயத்தைத் தேசவெறி என்று டெல்லியில் உட்கார்ந்து சொல்வது சுலபம். இன்று அங்கே இரு நாட்டுச் சாலைகளும் ஒன்றையொன்று குறுக்காக வெட்டுகின்றன. எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் நடுவில் நின்று வண்டிகளை மாற்றி மாற்றி விடுகிறார். வங்கதேசத்துக்காரர் பாஸ்போர்ட் இல்லாமலே தன் நாட்டிலிருந்து தன் நாட்டுக்கு சைக்கிளில் போகிறார்.

வெளிநாட்டுக்காரருக்கு 1992-ல் வழி கிடைத்தது. ஹல்திபாரிக்காரருக்குத் தன் எஸ்.டி.ஓ. ஆபீசுக்குப் போக வழி கிடைத்தது 2021-ல். அந்த ஆண்டுதான் தீஸ்தாவின் மேல் ஜயீ சேது திறந்தது. நீளம் இரண்டரை கிலோமீட்டருக்கும் அதிகம். முதல் காரியத்துக்கு இரண்டு பிரதமர்களின் ஒப்பந்தம் இருந்தது. இரண்டாவதற்கு மனு மட்டும்தான் இருந்தது. மாவட்டமாகி எழுபத்தோரு வருஷம் காத்திருக்க வைத்ததற்கு ஆற்றின் அகலம் ஒரு காரணமாக இருக்கலாம். போதுமான காரணமாக எனக்குத் தெரியவில்லை.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: கல்கத்தாவின் சியால்தாவிலிருந்து டார்ஜிலிங் மெயில் 2022 முதல் ஹல்திபாரி வரை போகிறது. அங்கிருந்து பாலம் வழியாக மெக்லிகஞ்ச், பிறகு தீன் பிகா. ஆதார் அட்டையை மறக்காதீர்கள். ராணுவ உடைக்காரர் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். மழைக்காலத்தைத் தவிர்ப்பது நல்லது.

(தொடரும்)