பழைய ஈயப் பொம்மை சொல்லும் வியாபாரக் கணக்கு

பழையதைப் புதிதாக்கினால் விலை கூடும் என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். சில பொருட்களில் இந்தக் கணக்கு நேர்மாறானது. நுவரெலியாவில் ஹாட்வெயார் கடை நடத்தும் நான் இதை ஒரு அங்குல உயரப் பொம்மையிடம் கண்டேன்.

ஏப்ரல் சீசனில் இலண்டனிலிருந்து வந்த ஒருவர், "நானா, பெயின்ட் கழற்றும் மருந்து இருக்கா?" என்று கேட்டார். கையில் கோடரி ஏந்திய குள்ள வீரன். கை உடைந்து, வர்ணம் உரிந்திருந்தது. யார் வர்ணம் தீட்டியது என்று விசாரித்தேன். மௌத்தான மூத்த சகோதரர் சிறுவயதில் தீட்டியதாம். "அப்படியென்றால் கழற்றாதீர்கள், அது திரும்பி வராது" என்றேன். மருந்து விற்பனையாகவில்லை. ஒட்டுப் பசையும் சிறு தூரிகையும் மட்டுமே விற்றேன்.

இத்தகைய உருவங்கள் மேசை விளையாட்டுக்கானவை. 1975இல் பிரித்தானியாவில் மூன்று நண்பர்கள் தொடங்கிய கேம்ஸ் வேர்க்ஷொப் கம்பனி இத்துறையில் முதன்மையானது. அதன் வோர்ஹேமர் விளையாட்டு 1983இல் வெளிவந்தது. 2024 டிசம்பரில் அக்கம்பனி இலண்டன் பங்குச்சந்தையின் முதல் நூறு கம்பனிகளின் சுட்டெண்ணில் இடம்பிடித்தது. சின்னப் பொருள் என்று எதையும் ஒதுக்கிவிட முடியாது.

இனி வேலைக்கு வருவோம். 1980களின் உருவங்கள் பெரும்பாலும் ஈயக் கலவை. வெள்ளைத் தூள் பூத்திருந்தால் அது ஈயம் அரிப்பதன் அடையாளம். தூள் நஞ்சு, ஊதவோ உலர்வாகத் தேய்க்கவோ கூடாது. கையுறை அவசியம், பிள்ளைகளை அண்டவிடக் கூடாது. இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் மென்மையாகக் கழுவ வேண்டும். உடைந்த கைக்குப் பசை மட்டும் போதாது. இரு பக்கமும் நுண்துளையிட்டு, மெல்லிய செப்புக் கம்பி செருகி, இரட்டைக் குழாய்ப் பசையால் ஒட்டினால் நிலைக்கும். உரிந்த இடத்தில் மாத்திரம் வர்ணம் தொட்டு, மேலே மங்கல் வார்னிஷ் பூசலாம்.

யாரோ அலங்கோலமாகப் பூசிய வர்ணமென்றால் கழற்றுவதில் தவறில்லை. வீட்டிலுள்ள டெட்டோலில் ஒரு நாள் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் வந்துவிடும். இடையில் தண்ணீர் பட்டால் பிசினாகிவிடும். முதலில் டெட்டோலிலேயே அலச வேண்டும். பிளாஸ்டிக் உருவங்களுக்கு தின்னர் ஆகாது, கரைந்துவிடும்.

நமது ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பனிமூட்ட நாளில் ஸ்ப்ரே அடித்தால் மேற்பரப்பு வெளிறிப்போகும். வெயில் வரும்வரை பொறுக்க வேண்டும். மரப்பெட்டியும் அட்டைப்பெட்டியும் வெளியிடும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் பிளாஸ்டிக் பெட்டியில் வைப்பதே நல்லது.

பழம்பொருள் வியாபாரத்தில் இறங்கும் சகோதரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய விளையாட்டுப் பொருட்களைச் சேகரிப்போர் பலர் அசல் வர்ணத்துக்கும் அசல் பெட்டிக்குமே கூடுதல் விலை தருவார்கள். ஒட்டிய இடத்தையும் பூசிய இடத்தையும் வாங்குபவரிடம் சொல்லியே விற்க வேண்டும். குறையை மறைத்த காசில் பரக்கத் இல்லை. அன்று வந்தவர் மறுநாள் தன் நண்பர்கள் இருவரை அழைத்து வந்தார். கழற்றும் மருந்தை விற்றிருந்தால் கிடைத்திருக்கும் இலாபம் ஒரு நாளுக்குரியது.