நிறத்தை அளக்கும் கருவி: மாறாமை வேறு, துல்லியம் வேறு

செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து வெளிவரும்போது ஆழ்ந்த செம்மஞ்சள் நிறம் கொண்டிருக்கும். பழத்திலுள்ள கரோட்டின் எனும் நிறப்பொருளே இதற்குக் காரணம். சுத்திகரிப்பு ஆலையில் வெளுக்கும் மண்ணாலும் உயர்ந்த வெப்பத்தாலும் இந்நிறம் நீக்கப்படுகின்றது. அவ்வாறு சுத்திகரித்த எண்ணெயை 5¼ அங்குலக் கண்ணாடிக் கலத்தில் ஊற்றி அளந்தால், சிவப்பு 3 அலகுக்கு மேற்படலாகாது என்பது வணிகத்தில் வழங்கும் வரம்பாகும்.

இவ்வலகு, இங்கிலாந்தில் பீர் தயாரித்து வந்த ஜோசப் லோவிபாண்ட் 1880களில் உருவாக்கிய முறையைச் சார்ந்தது. எண்ணெயின் நிறத்தைச் சிவப்பு, மஞ்சள் கண்ணாடித் தகடுகளுடன் ஒப்பிட்டுக் கண்ணால் காண்பதே அம்முறை. இன்று அதனைத் தாமாகவே அளந்து கூறும் மின்கருவிகளும் உள்ளன.

இக்கருவிகளின் தரத்தை இரு வழிகளில் சோதிக்க வேண்டும். சிவப்பு 3.0 என முன்பே உறுதி செய்யப்பட்ட மாதிரி ஒன்றை இரு கருவிகளில் மும்முறை அளப்பதாகக் கொள்வோம். முதற்கருவி 2.4, 2.4, 2.4 எனக் காட்டுகின்றது. இரண்டாவது 2.7, 3.3, 3.0 எனக் காட்டுகின்றது. முதலாவதில் மாறாமை உண்டு, துல்லியம் இல்லை. இரண்டாவதன் சராசரி சரியே. ஆயினும் ஒருமுறை மட்டும் அளந்து அதனை நம்புதல் இயலாது.

இவற்றுள் முதற்கருவியே எளிதில் ஏமாற்றக் கூடியது. உண்மையில் 3.4 அலகுள்ள எண்ணெயை அது 2.8 எனக் காட்டும். பத்து முறை அளப்பினும் அதே பிசகே திரும்பவரும். வாங்குவோர் தம் கூடத்தில் அளந்து பார்க்கும்போதுதான் குறை வெளிப்படும், சரக்கு மறுக்கப்படலாம். மாறாக, கருவி மிகுத்துக் காட்டினால் நல்ல எண்ணெயையே மீண்டும் வெளுக்க நேரும். மண்ணும் எரிபொருளும் வீணாகும்.

ஆகவே, மீண்டும் மீண்டும் அளத்தல் மாறாமையை மட்டுமே காட்டும். துல்லியத்தை அறிய, மதிப்புத் தெரிந்த தரக் கண்ணாடியுடன் கருவியை அவ்வப்போது ஒப்பிடுதல் இன்றியமையாதது. விளக்கு மங்குதல், கலத்தில் அழுக்குப் படிதல், எண்ணெய் முழுதும் உருகித் தெளியாதிருத்தல், பார்ப்பவரின் கண் களைத்தல் ஆகியவை பிசகுக்குரிய காரணங்களாகும்.

காலத்தே குலையறுத்து, பழம் அடிபடாமல் ஆலை சேர்க்கும் தோட்டத் தொழிலாளரின் உழைப்பு, இறுதியில் இக்கருவியின் முன் மதிப்பிடப்படுகின்றது. அம்மதிப்பீடு பிழையற்றதாய் அமைதல் வேண்டும்.